ஏழு கண் மதகு

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில், கோகிலவாணி உட்காரும் நாற்காலிக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: "அசல் இல்லாமல் நகல் கிடையாது." கடைக்காரர் விளையாட்டுக்கு ஒட்டியதுதான். ஆனால் அவளுடைய குணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

"டேம் நெறஞ்சிடுச்சாம்" என்று ஒருத்தர் வந்து சொன்னால், "நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று கேட்பாள். பார்த்தவர் என்றால் எத்தனை அடி என்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் பையன் என்ஜினியர் என்றார்கள்; மார்க்‌ஷீட் கொண்டுவரச் சொன்னாள். அத்தோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. முப்பத்தொரு வயதாகியும் இன்னும் அம்மா தைலம்மாளோடுதான் இருக்கிறாள். தைலம்மாள் கரும்பு வெட்டவும் நடவுக்கும் போகிற பொம்பளை. "எம்பொண்ணு சாமி எதிர்ல வந்தாலும் ஆதார் கார்டு கேக்கும்" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தப் புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, அதில் அவள் பதினொரு வருஷமாக எழுதுகிறாள். 'மலையடிவாரம்' என்பது அங்கே அவளுடைய பெயர். எழுதுகிறாள் என்பதைவிட மற்றவர்கள் எழுதுவதைச் சலிக்கிறாள் என்று சொல்வதுதான் சரி. அச்சில் வந்த ஆதாரம் காட்டாத வரியைக் கண்டால் 'சான்று தேவை' என்று ஒட்டுவாள். ஒரு மாதம் பார்த்துவிட்டு எடுத்துவிடுவாள். ஊர்ப் பெருமையும் சாதிப் பெருமையுமாக அளந்து விட்டவர்கள் பலர் மலையடிவாரத்தைத் திட்டியிருக்கிறார்கள். அது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவளுடைய ஊரான நல்லேரிப்பட்டின் மேலத்தெருவிலிருந்து சரத்குமார் வந்தான். பெரியவீட்டுப் பொன்னுரங்கத்தின் மகன். பைக்கை விட்டு இறங்கும்போதே செல்லை நீட்டினான்.

"கோகிலா, இத்த மூணு காப்பி கலர்ல போடு. நல்லா பைண்டிங் பண்ணிக் குடு. வெள்ளிக்கெழம தாசில்தாரம்மா வருது."

அவள் திரையைப் பார்த்தாள். நல்லேரிப்பட்டு. அவள் எழுதிய கட்டுரை.

"தோ, இந்த வரிய மட்டும் மஞ்சளடிச்சுடு" என்று விரலால் தொட்டுக் காட்டினான். 'ஏழு கண் மதகு கொண்ட பெரிய ஏரியின் தென்கரை நிலம், ஐயனார் கோயில் நந்தவனத்துக்காகப் பெரியவீட்டு முன்னோர் விட்ட தரும நிலமாகும்.' வரியின் முடிவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடிக்குறிப்பு எண்கள்.

"எவனோ சும்மா எழுதுனதுன்னு சொல்ல முடியாது, பாத்துக்க. மூணு ஆதாரம் போட்டிருக்கு. உங்க காலனிக்காரங்ககிட்டயும் சொல்லு, வீணா அலையாதீங்கன்னு."

"சரிங்க" என்றாள். மூன்று காப்பி போட்டாள், மஞ்சள் அடித்தாள், பைண்டிங்கும் பண்ணிக் கொடுத்தாள்.

தென்கரைதான் காலனிக்காரர்களின் இடுகாடு. இன்றைக்கு நேற்று வந்ததல்ல. அரசாங்கப் பதிவேட்டில் அது வெறும் ஏரிப் புறம்போக்கு. யார் பேரும் கிடையாது. போன மாதம் மேலத்தெருக்காரர்கள் நந்தவனத்துக்குச் சுற்றுச்சுவர் வைக்கப் போகிறோம் என்று ஜேசிபி கொண்டுவந்து விட்டார்கள். வண்டி நாலு மேட்டைச் சமன் பண்ணிய பிறகுதான் காலனிக்குச் சேதி வந்தது. காலனிப் பெரியவர் பிச்சைமுத்து ஓடிப்போய் அதன் முன்னால் படுத்துவிட்டார். போலீஸ் வந்தது. அப்புறம் அமைதிப் பேச்சு வார்த்தை என்று நாள் குறித்தார்கள். அந்த இடத்தை இத்தனை நாளும் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று இரண்டு தரப்பும் ஆதாரம் கொண்டுவர வேண்டும்.

கடையில் ஆள் இல்லை. கோகிலவாணி கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தைத் திறந்தாள். யார், எந்த நாள், எந்த நிமிஷம், எந்த வரியைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கே அப்படியே இருக்கும். எழுதினவரே நினைத்தாலும் அதை அழிக்க முடியாது.

இருபது வயதில், கள்ளக்குறிச்சியில் கல்லூரி படிக்கும்போது, 'உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்' என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஆசையாக எழுதினாள். அச்சில் வந்த ஆதாரம் வேண்டும் என்றார்கள். நல்லேரிப்பட்டைப் பற்றி அச்சில் என்ன இருக்கும்? வீட்டு டிரங்குப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தாள். ரேஷன் கார்டும் கல்யாணப் பத்திரிகைகளும்தான் இருந்தன. கடைசியில் அம்மா வேலைக்குப் போகும் பெரியவீட்டிலிருந்து ஐயனார் கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்று கிடைத்தது. உரக்கடை, நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே ஊர் வரலாறு என்று இரண்டு பக்கம். எழுதியதும் பெரியவீடு, அச்சடித்ததும் பெரியவீடு. நந்தவனக் கதை அதில்தான் இருந்தது. அச்சில் இருக்கிறதே, போதாதா என்று எடுத்துப் போட்டுவிட்டாள்.

அது முதல் தப்பு. இரண்டாவது, அந்த ஒன்று, இரண்டு, மூன்று. நாலு வருஷம் கழித்து ஒரு நாளிதழின் இணைப்பில் நல்லேரிப்பட்டைப் பற்றிக் கட்டுரை வந்தது. அவள் எழுதியதை வரிக்கு வரி பார்த்து எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து ஒரு சுற்றுலாக் கையேட்டிலும் போட்டார்கள். இரண்டும் தன் கட்டுரையின் பிள்ளைகள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் இரண்டையும் கொண்டுவந்து தன் வரிக்கே ஆதாரமாகச் சேர்த்தாள். கூடுதல் சான்று தேவை என்று கட்டுரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த எச்சரிக்கைப் பட்டையை எடுத்தால் போதும் என்றிருந்தது. வேறொருவர் செய்திருந்தால் மலையடிவாரம் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கும்.

மூன்றாவதுதான் அவளைக் குத்தியது. முதல்முதலில் ஏற்றிய கட்டுரையில் ஒரு வரி இருந்தது: 'தென்கரையில் காலனி மக்களின் இடுகாடு உள்ளது.' நாற்பது நிமிஷத்தில் அதை எடுத்தது யார்? மலையடிவாரம். காரணம் எழுதுகிற கட்டத்தில் இரண்டே வார்த்தை: 'சான்று இல்லை.'

பொய் இல்லை, அச்சில் சான்று கிடையாதுதான். ஆனால் உண்மைக் காரணம் வேறு. வகுப்பில் எல்லோரும் படிப்பார்கள், கோகிலவாணி எந்தத் தெரு என்று தெரிந்துபோகும் என்ற கூச்சம். அதை அந்தக் கட்டத்தில் எழுத முடியுமா?

அங்கே இடுகாடு இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு ஒன்பது வயதில், தம்பி சுபாஷ் நாலு வயதில் காய்ச்சலில் போனான். அப்பா ராசு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். பொம்பளைகள் தெருமுனைப் புளியமரத்தோடு நின்றுவிட வேண்டும். அதிலும் குழந்தையைப் புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் வேலை வெட்டி இல்லாமல் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள் என்று அந்தத் தெருவில் ஒரு வழக்கம். கோகிலவாணி கரும்புக் கொல்லைக்குள் புகுந்து ஓடி, தோகைக்கு நடுவிலிருந்து பார்த்தாள். இரண்டு பனைமரத்துக்கு நடுவே அப்பா குழி வெட்டினார். நாய் கிளறாமல் மேலே முள் வெட்டிப் போட்டார். பிறகு மண்வெட்டியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பார்த்தேன் என்றால் அடி விழும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவும் போய் நாலு வருஷமாகிறது.

மத்தியானம் பிச்சைமுத்து கடைக்கு வந்தார். அவருக்கும் மனு டைப் அடிக்க வேண்டும்.

"பெரியப்பா, அவங்க ஒரு கட்டுர குடுக்கப் போறாங்க" என்று அவள் தயங்கித் தயங்கி அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

பிச்சைமுத்து முதலில் கோபப்படவில்லை, சிரித்தார். "ஏழு கண்ணா? எந்த ஏரிக்கு? நம்ம மதகுல தண்ணி போற கண்ணு அஞ்சுதாம்மா. வருசா வருசம் உள்ள எறங்கி சேறு வார்றவன் நானு. எனக்குத் தெரியாதா?"

மலரில் மதகைப் பற்றி ஒன்றும் கிடையாது. ஏழு என்று எழுதியது அவளேதான். மதகை ஒட்டினாற்போல மேலத்தெருப் பொம்பளைகள் குளிக்கும் படித்துறை. காலனிப் பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. எதிர்க்கரையில் நடவு நடும்போது தூரத்திலிருந்து எண்ணினாள். துணி துவைக்க நட்ட இரண்டு கருங்கல் பலகைகளும் கண்ணாகத் தெரிந்திருக்கின்றன. பக்கத்தில் போய்ப் பார்த்த யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. நாளிதழிலும் ஏழு, கையேட்டிலும் ஏழு. ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை.

"எவன் எழுதுனானோ, அவன் நம்மூரு பக்கமே வந்திருக்க மாட்டான்" என்றார் பிச்சைமுத்து. அவள் மனுவை டைப் அடித்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் வீட்டில் தைலம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். "இன்னாமோ எளுதி வெச்சிருக்காங்களாமே, அந்த எடம் அவங்க தருமம் பண்ணதுன்னு? பிச்சமுத்து மாமா சொல்லிச்சு. அத்த எளுதுன கை வெளங்குமாடி? எம்புள்ளயும் எம்புருசனும் அங்க மண்ணாப் போயிருக்காங்க. எளுதுனவன் நாசமாத்தான் போவான்."

கோகிலவாணி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். செல்லை எடுத்து அந்த வரியை இப்போதே அழித்துவிடலாமா என்று நினைத்தாள். அழித்தால் என்ன ஆகும்? காகிதம் சரத்குமார் கையில் இருக்கிறது. விஷயம் முற்றின பிறகு மாற்றினது யார் என்று வரலாற்றுப் பக்கம் காட்டிக்கொடுக்கும். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் மூன்று ஆதாரமும் ஒரே ஆதாரம் என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம். தாசில்தார் விஜயலட்சுமி நடுவில் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் நாற்காலிகளில் மேலத்தெரு. இடது பக்கமும் நாற்காலி போட்டிருந்தார்கள். பாதிப்பேர் பழக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். தைலம்மாள் கதவோரம் இருந்தாள்.

சரத்குமார் புத்தகத்தைப் பணிவாக நீட்டினான். "மேடம், இது நாங்க எழுதுனது இல்லீங்க. பொதுவான கலைக்களஞ்சியம். மூணு ஆதாரம் இருக்கு."

தாசில்தார் புரட்டினார். "இத யார் வேணா எழுதலாமேங்க."

"எழுதலாம் மேடம். ஆனா தப்பா எழுதுனா விட மாட்டாங்க. ஆதாரம் இல்லன்னா உடனே தூக்கிடறாங்க. பதினொரு வருசமா அந்த வரி நிக்குதுன்னா சும்மாவா?"

தாசில்தார் பிச்சைமுத்துவின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

பிச்சைமுத்துவிடம் மனு மட்டும்தான் இருந்தது. "எங்க அப்பன் அங்க இருக்கான் மேடம். அவனுக்கு அப்பனும்" என்றார்.

கோகிலவாணி எழுந்து நின்றாள்.

"மேடம், அத்த எழுதுனது நான்தான்."

சரத்குமார் சிரித்தான். "இது கடையில டைப் அடிக்கிற பொண்ணு மேடம்."

அவள் மேசைக்குப் போய்ச் செல்லில் தன் கணக்கைத் திறந்து வைத்தாள். மலையடிவாரம். வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு தேதியாகக் காட்டினாள். "மொத ஆதாரம் இவங்க வூட்டுல அச்சடிச்ச கும்பாபிஷேக மலரு. ரெண்டாவது என்னப் பாத்து எழுதுனது. மூணாவது ரெண்டாவதப் பாத்து எழுதுனது. மூணும் ஒண்ணுதான் மேடம். தெரிஞ்சேதான் சேத்தேன்."

"இப்ப உங்க ஆளுங்களுக்காகச் சொல்ற" என்றான் சரத்குமார். இப்போது சிரிப்பு இல்லை. "பாத்து எழுதுனாங்கன்றதுக்கு இன்னா சான்று?"

அந்த வார்த்தையை அவன் வாயில் கேட்டபோது அவளுக்கு முகம் சுட்டது.

"ஏழு கண் மதகுன்னு போட்டேன். தூரத்துலருந்து எண்ணுனேன், தப்பா எண்ணிட்டேன். மலருல அது கெடையாது. அந்த ரெண்டு பேரும் ஏழுன்னே எழுதியிருக்காங்க. மதகு இங்கதான் இருக்கு. போய் எண்ணிப் பாருங்க மேடம்."

தாசில்தார் எழுந்தார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. காலனிப் பொம்பளைகள் படித்துறைக்கு இறங்கிய முதல் நாள் அதுதான், யாரும் தடுக்கவில்லை. கோகிலவாணி முதல்முறையாக மதகைப் பக்கத்தில் பார்த்தாள். ஐந்து கண். ஓரத்தில் இரண்டு துவைகல்.

திரும்பி வந்து தாசில்தார் மஞ்சளடித்த புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். "இத நான் எடுத்துக்க முடியாது. சுவர் வேலய நிறுத்துங்க." காலனிப் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. அவர் கையைக் காட்டினார். "சந்தோஷப்படாதீங்க. உங்க பக்கமும் ஒண்ணும் இல்ல. பதினஞ்சு நாள் தர்றேன். அங்க அடக்கம் பண்ணவங்க பேரு, வருஷம், எந்த எடம், கூட இருந்து பாத்தவங்க கையெழுத்து. கேள்விப்பட்டது வேணாம், கண்ணால பாத்தவங்க வேணும். அப்புறம்தான் சர்வேயர்." பிறகு செல்லில் இருந்த வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கோகிலவாணியை நிமிர்ந்து பார்த்தார். "இங்க 'இடுகாடு'ன்னு மொதல்ல எழுதியிருக்கீங்க. அப்புறம் நீங்களே எடுத்திருக்கீங்க. ஏன்?"

கூட்டம் அவளையே பார்த்தது. கதவோரம் அம்மா.

"வெக்கமா இருந்துச்சு மேடம்" என்றாள்.

அன்றைக்கு வீடு வரைக்கும் தைலம்மாள் பத்தடி முன்னால் நடந்தாள். தெருவில் பாதிப்பேர், நல்லா எழுந்து நின்னு பேசுச்சு என்றார்கள். மீதிப்பேர், பேச வேண்டியதாப் போச்சே யாரால என்றார்கள். இரண்டும் சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டுரையில் நந்தவன வரியை எடுத்தாள், மதகைத் திருத்தினாள். இடுகாட்டு வரியை மறுபடி சேர்த்தாள். கால் மணி நேரத்தில் யாரோ ஒரு பையன் அதை எடுத்துவிட்டான்: 'சான்று இல்லை.' இரண்டு வருஷம் முன்னால் அவளே பழக்கிவிட்ட பையன். அவன் செய்தது சரி. அது சரி என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பேர், வருஷம், இடம், சாட்சி. சிலர் திட்டிவிட்டுச் சொன்னார்கள், சிலர் அழுதுவிட்டுச் சொன்னார்கள். பன்னிரண்டு நாளில் அறுபத்து மூன்று பேர். தைலம்மாள் அத்தனை நாளும் சோறு போட்டாள், பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா பேரு எளுதிட்டியா?"

"எழுதிட்டேன். பிச்சைமுத்து பெரியப்பா சாட்சி."

"சுபாசு?"

பேனா நின்றுவிட்டது.

"அவனுக்கு யாரு சாட்சி?" என்றாள் தைலம்மாள். "உங்கப்பன் ஒண்டியாத்தான் தூக்கிகினு போச்சு. அதுவும் போயிடுச்சு. நான் மரத்தாண்டயே நின்னுட்டேன். நான் பெத்தேன்னு சொன்னா ஒத்துக்குவாங்களா? இல்ல, கண்ணால பாத்திருக்கணுமா?"

"பாத்திருக்கணும்மா."

"அப்ப உட்ரு."

"நான் பாத்தேன்."

தைலம்மாளுக்கு விளங்கவில்லை. கோகிலவாணி கரும்புக் கொல்லையைச் சொன்னாள். துண்டைச் சொன்னாள், முள்ளைச் சொன்னாள், அப்பா மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"இருவத்திரண்டு வருசமாத் தெரியுமா ஒனக்கு?" என்றாள் தைலம்மாள். "உங்கப்பன எத்தினி தபா கால்ல வுளுந்து கேட்டிருக்கேன். சொல்லவேயில்லியே அது. நீ எம்பக்கத்துலயே படுத்துகினு இருந்தியேடி." அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே இறங்கிவிட்டது. "தெரிஞ்சி வெச்சிகினுதான் சான்று இல்லன்னு எளுதுனியா?"

தைலம்மாள் எழுந்து நின்றாள்.

"வா, காட்டு."

இருட்டுவதற்குள் தென்கரைக்குப் போய்விட்டார்கள். பனைமரம் இரண்டும் அப்படியே நின்றன. நடுவில் ஜேசிபி திரும்பிய தடம் கிடந்தது. சக்கரத்தின் பல் ஒவ்வொன்றும் பதிந்து மண் காய்ந்திருந்தது. "இதாம்மா" என்றாள். தைலம்மாள் உட்கார்ந்தாள். அழவில்லை. உள்ளங்கையால் தடத்தின் கட்டியை ஒவ்வொன்றாக உடைத்து மண்ணைச் சமன் பண்ணினாள். கோகிலவாணியும் உட்கார்ந்து கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"நீ எளுது" என்றாள்.

கோகிலவாணி நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதினாள். சுபாஷ், வயது நாலு, இரண்டு பனைக்கு நடுவில். சாட்சி என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள்.